மட்டியை எங்கே உடைப்பது?

வீட்டுக்குப் பக்கத்தில் கடை, சாப்பாட்டுக் கடை, பள்ளிக்கூடம் எல்லாம் எவ்வளவு தூரம் என்று பார்த்து 0 முதல் 100 வரை புள்ளி போடும் 'வோக் ஸ்கோர்' 2007இல் அமெரிக்காவின் சியாட்டிலில் தொடங்கியது. ஐந்து நிமிட நடைக்குள் இருந்தால் முழுப் புள்ளி. முப்பது நிமிடம் தாண்டினால் ஒன்றுமில்லை. வீடு விற்பவர்கள் இதை ஏதோ விஞ்ஞான உண்மைபோல விளம்பரம் செய்கிறார்கள். மட்டக்களப்பு மாவட்டத்தின் வடகோடியில் உள்ள வாகரையை இந்தக் கணக்கில் போட்டால் தேறாது. ஆனால் அங்கே முன்னால் கடல், பின்னால் பனிச்சங்கேணி வாவி, அதற்கும் அப்பால் குளம், சேனை, காடு. வடகீழ்ப் பருவக்காற்றில் கடல் கொந்தளித்தால் வாவியில் வீச்சுவலை வீசலாம். புள்ளிக் கணக்கில் கடலுக்கும் காட்டுக்கும் இடமே இல்லை.

ஊர் அமைந்த இடத்தைச் சோற்றுக்கான தூரத்தோடு சேர்த்துப் பார்ப்பது புதிய யோசனையும் அல்ல. வீட்டா-ஃபின்சி, ஹிக்ஸ் என்ற இருவர் 1970இல் பாலஸ்தீனத்தின் கார்மேல் மலைப் பகுதியை ஆராய்ந்து, விவசாயிக்கு ஒரு மணி நேர நடை, வேட்டையாடிக்கு இரண்டு மணி நேர நடை என்று வட்டம் போட்டார்கள். பிறகு எல்லோரும் வட்டம் போட்டார்கள். அவ்வளவுதான்.

வட்டத்துக்குள் அடங்காத விஷயம் சுமை. மட்டியில் பெரும்பங்கு எடை ஓடு. அதைத் தின்ன முடியாது. பொறுக்கிய இடத்திலேயே உடைத்துச் சதையை மட்டும் எடுத்தால் ஒரு கூடையில் பல கூடைச் சாப்பாடு வரும். ஆனால் உடைக்க நேரம் போகும். அதற்குள் வற்றிய நீர் ஏறிவிடும். ஆகவே ஒவ்வோர் உணவுக்கும் ஓர் எல்லைத் தூரம் உண்டு. அதற்கு இப்பால் முழுதாகத் தூக்கி வருவது லாபம். அப்பால் உடைத்துவிட்டு வருவது லாபம். மெட்காஃப், பார்லோ என்ற இரு ஆய்வாளர்கள் 1992இல் இதைச் சமன்பாடாக எழுதினார்கள்.

தேங்காயை நினைத்துப் பாருங்கள். மரம் வளவுக்குள் நின்றால் மட்டையோடு கொண்டுவந்து போடலாம். மூன்று கட்டை தள்ளியிருந்தால், சைக்கிளில் கட்டுகிறவர் தோப்பிலேயே உரித்துவிடுவார். சந்தை இன்னும் தூரமானால் உடைத்துக் காயவைத்துக் கொப்பராவாக அனுப்புவார். உடைத்துவிட்டுக் காயவைக்காவிட்டால் கெட்டுவிடும். எனவே சிரட்டை வெறும் சுமையல்ல, காவலும்கூட. மட்டி ஓடும் அப்படித்தான். இன்னும் ஒரு படி போகலாம். தோப்பில் மட்டைக் குவியலைக் காணும் ஆராய்ச்சியாளர், இங்கேதான் தேங்காய் தின்று வாழ்ந்தார்கள் என்பார். தினமும் சொதியும் சம்பலும் வைத்த வீட்டில் மட்டை கிடைக்காததால், அங்கே தேங்காயே இல்லை என்பார்.

இது கற்பனைப் பயமல்ல. டொரஸ் நீரிணையின் மேரியம் மக்களோடு போய்ப் பார்த்த டக்ளஸ் பேர்டும் ரெபெக்கா பிளீஜ் பேர்டும் 1997இல் எழுதினார்கள்: ராட்சத மட்டியின் ஓட்டை அவர்கள் பெரும்பாலும் பவளப் பாறையிலேயே விட்டுவிடுகிறார்கள், சின்ன மட்டிகளே முழுதாக வீட்டுக்கு வருகின்றன. குப்பைமேட்டில் சின்னதுதான் மிஞ்சும். அம்பாந்தோட்டைக் கரையில் மினி அத்திலிய போன்ற பழைய மட்டி மேடுகளைப் பற்றி, 'ஆதி மனிதன் விரும்பித் தின்றது இதுதான்' என்று யாராவது தலைப்புப் போட்டால் நம்புமுன் இதை நினைக்க வேண்டும். செலிக்மன் தம்பதியர் 1911இல் எழுதிய நூலில் இடம்பெற்ற கிழக்குக் கரையோர வேடர்கள், மீனும் சேனையும் சேர்த்தே வாழ்ந்தார்கள். சேனை விளைச்சல் குப்பைமேட்டில் எவ்வளவு தடம் விடும்?

உரிக்கவே முடியாத சுமை ஒன்று இருக்கிறது: தண்ணீர். கலஹாரிப் பாலைவனத்தில் மானிடவியலாளர் ரிச்சர்ட் லீ பார்த்த மக்கள், வறண்ட காலத்தில் மொங்கொங்கோக் கொட்டை மரங்களின் அடியில் குடியிருக்கவில்லை. நீர்நிலையருகே தங்கிக் கொட்டைக்கு நடந்தார்கள்.

வாகரை போன்ற கிழக்கிலங்கை மணற்கரையிலும் தண்ணீர்தான் எல்லை. மழைநீர், கீழே உள்ள உப்புநீரின்மேல் மெல்லிய படலமாக மிதக்கிறது. கிணறு அதைத்தான் தொடுகிறது. 2004 டிசம்பர் 26 கடல்கோள் அந்தக் கிணறுகளை உப்பாக்கியது. அவசரத்தில் அளவுக்கு மீறி இறைத்த கிணறுகளில் அடியிலிருந்த உப்புநீர் மேலேறி நிலைமை மோசமாகும் ஆபத்து இருந்தது. மிச்ச உப்பை மழைதான் மெல்ல மெல்லக் கழுவ வேண்டியிருந்தது. கடலில் மீன் இருந்த அந்த மாதங்களிலும் மக்கள் பவுசர் தண்ணீருக்குக் காத்திருந்தார்கள்.