எலும்பா, தசையா, நரம்பா?

அன்றாடத் தமிழில் ‘நரம்பு’ என்ற சொல் நரம்பல்லாத மூன்று பொருள்களுக்கும் வழங்குகிறது: ஊசி போடுவதற்காகச் செவிலியர் முழங்கை மடிப்பில் தேடும் ‘நரம்பு’ இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பும் சிரை, நடுச்சாமத்தில் கெண்டைக்காலில் சுருட்டி இழுக்கும் ‘நரம்பு’ தசை, முழங்காலின் பின்புறம் கயிறுபோல் தட்டுப்படும் ‘நரம்பு’ தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாண். முழங்கையின் உட்புறம் எங்கேனும் இடித்துக்கொள்ளும்போது மோதிர விரலுக்கும் சுண்டுவிரலுக்கும் ஷாக் அடித்தாற்போல் ஒன்று பாய்கிறதே, அதுதான் மூளைக்கும் உடலுக்கும் இடையே செய்தி கொண்டுசெல்லும் உண்மையான நரம்பின் குரல். இக்குழப்பம் தமிழுக்கு மட்டும் உரியதன்று. பண்டைக் கிரேக்கத்தில் ‘நியூரோன்’ என்ற சொல்லும் முதலில் தசைநாணையும் வில்லின் நாணையுமே குறித்தது.

‘வாதம்’ என்ற சொல்லின் கதை இன்னும் சிக்கலானது. மூளையின் இரத்தக் குழாய் அடைபடுவதாலோ வெடிப்பதாலோ வருவது பக்கவாதம். முகத்தசைகளை இயக்கும் நரம்பு வீங்கிச் செயலிழப்பது முகவாதம். உடலின் எதிர்ப்பாற்றலே மூட்டுகளின் உட்சவ்வைத் தாக்குவது முடக்குவாதம். போலியோ வைரஸ் தண்டுவடத்திலுள்ள இயக்க நரம்பணுக்களை அழிப்பது இளம்பிள்ளை வாதம். பெயரில் உறவு கொண்டாடும் இந்நான்கும் காரணத்திலும் சிகிச்சையிலும் ஒன்றுக்கொன்று அந்நியமானவை. ஆகவே மருத்துவரிடம் செல்பவர் நோய்க்குத் தாமே பெயர் சூட்டுவதைக் காட்டிலும், வலி எங்கே, எப்போது, எவ்விதமாக இருக்கிறது என்று சொல்வதே பெரிதும் பயன்படும்.

எலும்பு வலி பெரும்பாலும் ஆழத்தில் குடையும். ஒரு விரலால் ‘இங்கேதான்’ என்று தொட்டுக் காட்டும்படி ஓரிடத்தில் நிற்கும். எலும்பைப் போர்த்தியிருக்கும் மெல்லிய உறையில் வலியுணர்வு நரம்புகள் செறிந்திருப்பதால், அங்கே அழுத்தினாலோ எடை தாங்கினாலோ வலி கூடும். ஓய்விலும் தணியாமல் இரவில் தூக்கத்தைக் கலைக்கும் எலும்பு வலியை ஒருபோதும் அலட்சியம் செய்யலாகாது. ஆயினும் முதுமையில் பரவலாகக் காணப்படும் எலும்பு மெலிவு நோயோ சற்றும் வலிக்காமல் வளர்ந்து, வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்த அன்றுதான் தன்னை அறிவித்துக்கொள்கிறது.

தசையில் ஏற்படும் பிடிப்பும் உளைச்சலும் அசைத்தால் கூடி, ஓய்வெடுத்தால் குறைந்து, பெரும்பாலும் சில நாட்களில் தாமே ஆறிவிடும். தசை நோய் என்பது வேறு. அதில் வலியைவிடப் பலவீனமே முன்னிற்கும், அப்பலவீனமும் பல நோய்களில் உடலின் நடுப்பகுதியை ஒட்டிய இடுப்பு, தொடை, தோள் தசைகளையே முதலில் பற்றும். தரையில் சம்மணமிட்டவர் கையூன்றாமல் எழ முடியாமை, மாடிப்படி ஏறக் கைப்பிடியைப் பற்றி இழுக்க வேண்டியிருத்தல், தலைவாரக் கையைத் தூக்கியதும் தோள் சோர்தல் ஆகியவை அதன் அடையாளங்கள். ஆனால் தொடுவுணர்ச்சி கெடுவதில்லை. டுஷேன் தசைச்சிதைவு என்னும் பரம்பரை நோயுள்ள சிறுவன் தரையிலிருந்து எழும்போது தன் முழங்காலிலும் தொடையிலும் மாறிமாறிக் கையூன்றித் தன்மேல் தானே ஏறுவதுபோல் நிமிர்வதை ஆங்கிலேய மருத்துவர் வில்லியம் கவர்ஸ் 1879இல் விவரித்தார். இன்றும் அக்குறி அவர் பெயராலேயே வழங்குகிறது. சிதையும் தசையிலிருந்து கசியும் கிரியேட்டின் கைனேஸ் என்னும் நொதியை இரத்தத்தில் அளந்து இந்நோயை ஐயுறலாம்.

நரம்பின் கோளாறு வேறு மொழி பேசும்: எரிச்சல், மதமதப்பு, எறும்பு ஊர்வது போன்ற உணர்வு, இறுதியில் மரத்துப்போதல். அது நரம்பு செல்லும் பாதையை ஒட்டியே அமையும். மணிக்கட்டில் நடு நரம்பு நசுங்கினால் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலின் ஒரு பாதி ஆகியவை இரவில் மரத்து, உறங்குபவர் எழுந்து கையை உதறும்படி ஆகும். சுண்டுவிரல் மட்டும் தப்பிவிடும். சர்க்கரை நோயிலோ மிக நீளமான நரம்புகள் முதலில் கெடுவதால் பாதத்தில் தொடங்கி, காலுறை அணிந்தாற்போல் மேலேறும். செருப்பு கழன்று விழுந்ததைக்கூட அறியாமல் நடப்பவர்கள் உண்டு. தசைப்பிடிப்புக்கு இதமளிக்கும் வெந்நீர் ஒத்தடம் உணர்விழந்த இப்பாதத்தில் கொப்புளத்தை உண்டாக்கி, ஆறாத புண்ணாகிவிடலாம். வலி இல்லாமையே எத்தகைய கேடு என்பதை உலகுக்கு உணர்த்தியவர்களில் ஒருவர், 1914இல் கொல்லிமலையில் பிறந்த பால் பிராண்ட். தொழுநோயாளிகளின் விரல்கள் அழுகி உதிர்வதில்லை, நரம்பு கெட்டு வலியுணர்வு போனதால் சூடும் வெட்டும் தெரியாமல் காயப்பட்டே தேய்கின்றன என்பதை வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றியபோது அவர் எடுத்துக்காட்டினார்.

இவ்வெல்லைகள் எப்போதும் தெளிவாக இருப்பதில்லை. போலியோவில் கால்தசை சூம்பினாலும் கேடு தண்டுவடத்தில்தான் இருக்கிறது; வைட்டமின் டி குறைவால் எலும்பு மென்மையாகும்போது எலும்பு வலியும் தொடைப் பலவீனமும் சேர்ந்தே வரும்; காலையில் நன்றாகத் திறந்த இமை மாலையில் தொங்கிவிடும் மயஸ்தீனியா கிராவிஸ் நோயில் நரம்புக்கும் தசைக்கும் பழுதில்லை, இரண்டும் சந்திக்கும் இடத்தில்தான் பழுது. எக்ஸ்ரே எலும்பைத்தான் நன்கு காட்டும், நரம்பைக் காட்டாது என்பதால், ‘எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை’ என்ற செய்தி உடலில் ஒன்றுமில்லை என்பதற்கு உறுதியாகாது. நரம்பின் வழியே மின்தூண்டல் பாயும் வேகத்தை அளக்கும் நரம்புக் கடத்தல் சோதனையோ எம்.ஆர்.ஐ.யோ தேவைப்படலாம்.

இடுப்பு வலியுள்ள ஒருவருக்கு உட்காருமிடம் மரத்து, சிறுநீர் கழிக்க முடியாமலோ அடக்க முடியாமலோ போனால், முதுகெலும்பின் கீழ்ப்பகுதியில் நரம்புக் கற்றை நசுங்கியிருக்கக்கூடும். எண்ணெய் தேய்த்து மறுநாள்வரை காத்திராமல், அவரை அந்நேரமே பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.