முனாஸகாவும் கோப்புறைகளும்

பழனியில் நாம் பணியாற்றும் அரபிக் கல்லூரியில், பழைய அரபுத் தமிழ்க் கிதாபுகளை மாணவர்கள் பக்கம் பக்கமாகப் படமெடுத்துக் கணினியில் சேர்த்து வருகின்றனர். நூலுக்கு ஒரு கோப்புறை, அதனுள் பாகந்தோறும் ஒரு கோப்புறை, அதனுள் படங்கள். வன்தட்டு பழுதடையத் தொடங்கவே, யாவற்றையும் புதியதொன்றுக்கு மாற்றிவிட்டுப் பழையதை அழித்துவிட எண்ணினோம். அதற்கென மாணவர் ஒருவர் எழுதிய சிறு நிரல் பிழையேதும் காட்டாமல் ஓடி முடிந்தது. எனினும் அது தந்த தொகை, நம் கையெழுத்துப் பதிவேட்டின் தொகையைவிடக் குறைவு. காரணம் தேடப் புகுந்தபோது, பராயிள் பாடத்தில் ஆண்டுதோறும் நாம் நடத்தும் கணக்கொன்றே நினைவில் வந்து நின்றது.

கோப்புறைக்குள் கோப்புறை எத்தனை அடுக்கு இருக்கும் என்பது நிரல் எழுதுபவருக்கு முன்கூட்டித் தெரியாது. இரண்டடுக்கு என்று கருதி எழுதினால் மூன்றாவது விடுபட்டுப் போகும். ஆதலால் விதி ஒரேயொரு கோப்புறையைப் பற்றி மட்டும் பேசுகிறது: உள்ளிருப்பவற்றை வரிசையாகப் பார், கோப்பாயின் எடுத்துக்கொள், கோப்புறையாயின் அதனுள் சென்று இதே விதியைச் செயற்படுத்தி, முடிந்ததும் விட்ட இடத்திற்குத் திரும்பு. இதனைத் தற்சுழற்சி என்பர்.

சொத்துப் பங்கிடப்படுமுன் வாரிசுகளுள் ஒருவரும் இறந்துவிடுவதைப் பிக்ஹு நூல்கள் முனாஸகா என்கின்றன. ஒருவர் மனைவி, மகன், மகள் ஆகியோரை விட்டு இறக்கிறார். 24 பங்குகளில் மனைவிக்கு எட்டிலொன்றாக 3, மகனுக்கு 14, மகளுக்கு 7. பங்கீட்டுக்கு முன் அம்மகனும் தன் தாயையும் சகோதரியையும் ஒரு மகனையும் விட்டு இறந்துபோகிறார். இப்போது அந்த 14இல் அதே விதிகள் மீண்டும் இறங்குகின்றன: தாய்க்கு ஆறிலொன்று, எஞ்சியது மகனுக்கு, மகன் இருப்பதால் சகோதரிக்கு இதில் பங்கில்லை. 14 ஆறால் வகுபடாததால் அனைத்தையும் மும்மடங்காக்கி 72 என்று கொள்வோம். மனைவிக்கு 9உம் 7உம் சேர்ந்து 16, மகளுக்கு 21, பேரனுக்கு 35. பேரனும் இறந்திருந்தால் அந்த 35க்குள் இறங்க வேண்டும். உயிரோடிருப்பவரை அடைந்ததும் கணக்கு அக்கிளையில் நின்றுவிடும். நிரலிலும் கோப்பை அடைந்தால் இறக்கம் நிற்கிறது. (கணினியாளர் வழிமுறைக்கு வழங்கும் ‘அல்காரிதம்’ என்ற பெயர் அல்குவாரிஸ்மீயிடமிருந்து வந்தது. அவருடைய அல்ஜப்ர் நூலின் பெரும்பகுதி வஸிய்யத்தும் வாரிசுப் பங்கீடும் பற்றியதே என்பதைப் பலர் அறியார்.)

இறங்கும் முறை ஒன்றாயினும் செயலின் வரிசை வேறுபடும். நகலெடுக்கும்போது மேற்கோப்புறையை முதலில் உருவாக்க வேண்டும். இல்லையேல் உள்ளிருப்பதை வைக்க இடமிராது. அழிக்கும்போது உள்ளிருப்பவற்றை முதலில் அகற்ற வேண்டும். கொள்ளளவைக் கணக்கிடுவதும் அவ்வாறே: பாலாறு, பொருந்தலாறு முதலிய கிளையாறுகளின் நீரை அறியாமல் நம் சண்முகநதியின் நீரைச் சொல்லிவிட முடியாது.

முடிவின்றிச் சுழலும் ஆபத்தும் உண்டு. யூனிக்ஸ் முறையில் ஒவ்வொரு கோப்புறையிலும் இரண்டு சிறப்புப் பதிவுகள் இருக்கும். ஒற்றைப் புள்ளி அக்கோப்புறையையே குறிக்கும். இரட்டைப் புள்ளி அதன் மேற்கோப்புறையைக் குறிக்கும். இவ்விரண்டையும் தவிர்க்காத நிரல் தன் வாலைத் தானே விழுங்கும் பாம்பாகிவிடும். மேலடுக்கைச் சுட்டும் இணைப்புகளும் இத்தகையனவே.

நமக்கு நேர்ந்தது இதுவன்று. மாணவர் பயன்படுத்தியது பைத்தான் மொழியின் ‘ஓஎஸ்.வாக்’ என்னும் ஆயத்தக் கருவி. தனியாக ஆணை தராவிடில், திறக்க அனுமதியில்லாத கோப்புறையை அது ஓசையின்றித் தாண்டிச் சென்றுவிடும். பிழையை அறிவிக்க வேண்டுமாயின் ‘ஆன்எரர்’ என்ற இடத்தில் அதற்குரிய செயற்கூற்றை நாமே தந்தாக வேண்டும். வசதிக்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு என்பர்; நமக்கு அதில் உடன்பாடில்லை. காணாமற்போன வாரிசை, அதாவது மஃப்கூதை, நம் ஃபுகஹாக்கள் கணக்கிலிருந்து நீக்கிவிடவில்லை; நிலை தெளியும்வரை அவர் பங்கை நிறுத்திவைத்தனர்.

மாணவரிடம் இதைச் சொன்னபோது சிரித்துக்கொண்டார். திறவாத கோப்புறைகளைத் தனிப் பட்டியலில் எழுதிவைக்குமாறு நிரலைத் திருத்தினார். மறு ஓட்டத்தில் அப்பட்டியலில் மூன்று பெயர்கள் விழுந்தன. அனுமதியை மாற்றி அவற்றையும் நகலெடுத்து, தொகை பதிவேட்டோடு ஒத்த பிறகே பழைய வன்தட்டை அழித்தோம்.