எங்கட ஊர்த் தேன்சிட்டா? அலகைப் பாருங்கள்

பாமன்கடையில் காணிகள் அடுக்குமாடிகளாகிவிட்டன. ஆனாலும் மிஞ்சிய செம்பரத்தைகளுக்கும் வாழைப்பூக்களுக்கும் தேன்சிட்டுகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. முல்லைத்தீவில் இருந்து இடம்பெயர்ந்து வந்து எங்கள் மாடியில் வசிக்கும் அம்மா ஒருவர், கறுப்பாக மின்னிய ஒரு சிட்டைக் காட்டி, “இது எங்கட வளவுக்கு வாறதுதானே பிள்ளை?” என்று கேட்டார். அதற்கு விடை சொல்ல அலகைப் பார்க்க வேண்டும்.

உலகில் ஏறக்குறைய 140 தேன்சிட்டு இனங்கள் உள்ளன. அவற்றில் அரைவாசிக்கு மேற்பட்டவை ஆபிரிக்காவுக்கு உரியவை. இலங்கையில் நாம் வழமையாகக் காண்பவை மூன்று.

முதலாவது, ஊதாப்பிட்டத் தேன்சிட்டு. நீளம் சுமார் 10 சென்ரிமீற்றர். ஆணின் வயிறு மஞ்சள், நெஞ்சில் கருஞ்சிவப்புப் பட்டி, உச்சந்தலையில் பச்சை மினுக்கம். பெண்ணின் தொண்டை சாம்பல் கலந்த வெள்ளை, வயிறு மஞ்சள். வன்னியிலும் கொழும்பிலும் இருப்பது இதே பறவைதான்.

மற்ற இரண்டின் ஆண்களும் தூரத்தில் கறுப்பாகவே தெரியும். குழப்பம் இங்கேதான். ஊதாத் தேன்சிட்டின் அலகு அளவாக வளைந்திருக்கும். உடல் முழுவதும் நீலமும் ஊதாவுமாக மின்னும். இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் ஆண் நிறம் மங்கி, தொண்டையில் இருந்து வயிறு நோக்கி ஒரு கருங்கோடு மட்டும் எஞ்சும். வடக்கின் வறண்ட நிலங்களில் அதிகம் காணப்படுவது இது. லோட்டன் தேன்சிட்டின் அலகோ நீண்டு, அரிவாள்போல வளைந்திருக்கும். ஆணின் வயிறு கபில நிறம். பெண்ணையும் அலகின் நீளத்தைக் கொண்டே அறியலாம். கொழும்பு போன்ற ஈரவலயப் பகுதிகளில் இதுவே அதிகம். 1752 முதல் 1757 வரை இங்கே ஒல்லாந்த ஆளுநராக இருந்த லோட்டனின் பெயரை 1766இல் லின்னேயஸ் இதற்குச் சூட்டினார்.

அம்மா காட்டியது நீண்ட அலகுக்காரன். ஊர்ச் சிட்டின் உறவு, ஆனால் வேறு இனம்.

பல்கனியில் கொடிக்கயிற்றிலோ வயரிலோ தும்பும் சருகும் சிலந்திவலையும் சேர்ந்த சிறு பை தொங்கினால், குப்பை என்று அறுத்துவிடாதீர்கள். அது தேன்சிட்டின் கூடாக இருக்கலாம். குஞ்சு பொரித்துப் பறக்க ஒரு மாதமளவில் ஆகும். குஞ்சுகளுக்குத் தாய் ஊட்டுவது பூச்சிகளையும் சிலந்திகளையும். ஆகவே பூச்சாடிகளுக்குப் பூச்சிமருந்து அடிப்பதையும் தவிருங்கள். வளவை விட்டுவந்தவர்களுக்கும் ஒரு சாடி செம்பரத்தை வைக்க இடம் இருக்கும். இந்தச் சிட்டுகளுக்கு அது போதும்.