கோப்பு கையோடு வரட்டும்

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், நார்ஃபோக் கடற்படைத் தளத்தை ஒட்டிய பள்ளி ஒன்றில் சிறப்புக் கல்வி ஆசிரியையாக இருக்கிறேன். கோடை முடியும்போது எங்கள் பள்ளி வாசலில் வெளிமாநிலப் பதிவெண்ணோடு கார்கள் நிற்கும். படைவீரரின் பிள்ளை பள்ளிப் படிப்பை முடிப்பதற்குள் ஆறு முதல் ஒன்பது முறை ஊர் மாறும் என்பது இங்கே எல்லோரும் சொல்லும் கணக்கு. ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு, பேச்சு வராத பிள்ளைக்கு, ஒவ்வொரு மாற்றத்திலும் பழகிய முகமும் அறையும் ஒரே நாளில் போய்விடும். சட்டம் இந்தப் பிள்ளைகளின் பக்கம்தான் நிற்கிறது. ஆனாலும் பழைய பள்ளிக்கும் புதிய பள்ளிக்கும் நடுவே சில வாரங்கள் வீணாகிவிடுகின்றன. பிள்ளை கற்றதை இழப்பது அந்த வாரங்களில்தான். அவற்றைக் குறைக்க என்ன செய்யலாம் என்று இங்கே எழுதுகிறேன்.

இடமாற்ற ஆணை வரப்போகிறது என்று தெரிந்ததுமே, இ.எஃப்.எம்.பி. எனப்படும் சிறப்புத் தேவையுள்ள குடும்ப உறுப்பினர் திட்டத்தில் உங்கள் விவரங்கள் புதிதாக இருக்கின்றனவா என்று பாருங்கள். பணியில் உள்ள படைவீரர் இதில் பதிவது கட்டாயம். போகும் ஊரில் பிள்ளைக்கு வேண்டிய வசதி உண்டா என்று பார்ப்பதற்கே இந்தப் பதிவு. பதவி உயர்வு பாதிக்குமோ என்று தயங்குவோரைப் பார்த்திருக்கிறேன். அந்தத் தயக்கத்தின் விலையைப் பிள்ளைதான் கொடுக்கிறது. அடுத்து, புதிய தளத்தின் பள்ளித் தொடர்பு அலுவலரைக் கூப்பிடுங்கள். எந்த முகவரி எந்தப் பள்ளி மாவட்டத்தில் வரும் என்பது அவருக்குத் தெரியும். வீடு பார்ப்பதற்கு முன்பே இதைக் கேட்டுவிட வேண்டும்.

இனி கோப்பு. நடப்பில் உள்ள ஐ.இ.பி., அதாவது பிள்ளைக்கென்று எழுதிய தனிநபர் கல்வித் திட்டம், கடைசி மதிப்பீட்டு அறிக்கைகள், முன்னேற்ற அறிக்கைகள், நடத்தைத் திட்டம் இருந்தால் அதுவும். எல்லாவற்றையும் பழைய பள்ளியிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சாமான் லாரியில் ஏற்றாதீர்கள், கைப்பையில் வையுங்கள். படைக் குடும்பப் பிள்ளைகளுக்காக 50 மாநிலங்களும் சேர்ந்துள்ள ஒப்பந்தம் ஒன்று இருக்கிறது. அதன்படி, பெற்றோர் கையில் கொண்டுவரும் நகலை வைத்தே புதிய பள்ளி பிள்ளையைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். அதிகாரபூர்வ ஆவணங்களைக் கேட்ட 10 நாளில் பழைய பள்ளி அனுப்ப வேண்டும்.

கோப்பில் ஏறாத ஒன்று உண்டு. சான் டியேகோவிலிருந்து மூன்றாம் வகுப்புக்கு வந்த ஒரு பையனின் திட்டத்தில், 'தகவல்தொடர்புக் கருவி பயன்படுத்துவான்' என்று ஒரே வரிதான் இருந்தது. கருவி பழைய பள்ளியின் சொத்து, அங்கேயே நின்றுவிட்டது. அதிலிருந்த படங்கள், அவன் வீட்டு நாயின் பெயர், 'போதும்' என்ற பொத்தான், எல்லாம் அதோடு போயின. முதல் வாரம் முழுக்க அவன் மேசையைத் தட்டிக்கொண்டே இருந்தான், எங்களுக்குப் புரியவில்லை. அவன் அம்மா ஒரு தாளில் எழுதிக் கொடுத்த பிறகுதான் வழி பிறந்தது: இரண்டு தட்டு என்றால் கழிப்பறை, காதைப் பொத்தினால் மணிச் சத்தம் தாங்கவில்லை, தண்ணீரை நீலக் கோப்பையில் கொடுத்தால்தான் குடிப்பான். அதனால் கிளம்புமுன் பழைய ஆசிரியையிடம் இப்படி ஒரு பக்கம் எழுதி வாங்குங்கள். கருவியின் சொற்தொகுப்பைப் பென்டிரைவில் சேமித்துத் தரச் சொல்லுங்கள். பிள்ளை கருவியோடு பேசும் இரண்டு நிமிட வீடியோ ஒன்றும் இருக்கட்டும்.

புதிய பள்ளியில் சேர்க்கும் நாளன்றே, ஒப்பான சேவைகளை உடனே தொடங்குமாறு மின்னஞ்சல் அனுப்புங்கள். 'எங்கள் மதிப்பீடு முடியட்டும், பிறகு பார்க்கலாம்' என்ற பதிலை ஏற்க வேண்டியதில்லை. ஐ.டி.இ.ஏ. என்ற கூட்டாட்சிச் சட்டப்படி, கல்வியாண்டின் நடுவே மாறும் பிள்ளைக்கு, பெற்றோரைக் கலந்துகொண்டு, பழைய திட்டத்துக்கு ஒப்பான சேவையைப் புதிய பள்ளி தந்தாக வேண்டும். ஒப்பானது என்றால் ஒத்த அல்லது சமமான சேவை என்று கல்வித் துறையே விளக்கியிருக்கிறது. வாரம் 60 நிமிடப் பேச்சுப் பயிற்சி இருந்த பிள்ளைக்கு 15 நிமிடம் கொடுத்துவிட்டு ஒப்பானது என்று சொல்ல முடியாது.

ஒரே மாநிலத்துக்குள் மாறினால் புதிய பள்ளி பழைய திட்டத்தை ஏற்கும், அல்லது புதிதாக எழுதும். மாநிலம் மாறினால் மறுமதிப்பீடு தேவை என்று பள்ளி சொல்லலாம். அது முதல் மதிப்பீடாகக் கருதப்படுவதால் உங்கள் கையெழுத்து வேண்டும். அது முடியும் வரை ஒப்பான சேவை நிற்கக் கூடாது. கூட்டாட்சிக் கெடு 60 நாள் என்றாலும் மாநிலம் தனிக் கெடு வைத்துக்கொள்ளலாம். வர்ஜீனியாவில் அது 65 வேலை நாள், அதாவது மூன்று மாதம். அடிக்கடி ஊர் மாறும் பிள்ளைகளுக்கு முடிந்தால் 30 நாளில் முடியுங்கள் என்று 2022 நவம்பரில் கூட்டாட்சிக் கல்வித் துறை கடிதம் எழுதியது. அதைச் சுட்டிக்காட்டிக் கேளுங்கள். பிள்ளை 'வளர்ச்சித் தாமதம்' என்ற பிரிவில் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். 3 முதல் 9 வயதுக்குள் இந்தப் பிரிவின் எல்லையை ஒவ்வொரு மாநிலமும் தானே வகுத்துக்கொள்கிறது. ஓரிடத்தில் தகுதி பெற்ற ஏழு வயதுப் பிள்ளை இன்னோரிடத்தில் வேறு பிரிவில் தகுதி காட்ட வேண்டியிருக்கும்.

முதல் நாளிலிருந்து ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதி போட்டு எழுதி வாருங்கள்: எந்தப் பயிற்சி, எத்தனை நிமிடம், யார் கொடுத்தார், எது தவறிப்போனது. புதிய திட்டக் கூட்டத்தில் அந்த நோட்டை மேசைமேல் வையுங்கள். தவறிய நிமிடங்களுக்கு ஈடு கேட்கும்போது பேச்சு அதிலிருந்தே தொடங்கும். அந்தப் பையனின் அம்மா கொண்டுவந்த நோட்டில் கருவியில்லாத நாள்கள் ஒவ்வொன்றும் இருந்தன. பள்ளி புதிய கருவிக்கு அன்றே எழுதிக் கொடுத்தது. அது வந்ததும் அவன் முதலில் தேடியது நாயின் படத்தை.