கரிய மட்கலம்

தீயில் இட்ட மண் சிவக்கும் என்பது எவரும் அறிந்ததே. அதே மண்ணை அதே தீயிற் சுட்டுக் கருமை பெறச் செய்வது எங்ஙனம்? அமெரிக்க ஐக்கிய நாடுகளின் நியூ மெக்சிக்கோ மாநிலத்தில், சான் இல்டெபொன்சோ என்னும் பூர்வகுடிச் சிற்றூர் இக்கலையாற் பெயர்பெற்றது. அங்கு வாழ்ந்த மரியா மாட்டினெஸ் அம்மையாரும் அவர்தம் கணவர் ஜூலியனும், 1920ஆம் ஆண்டையொட்டிய காலத்தில், கருமைமீது கருமையாகவே சித்திரம் தீட்டும் முறையைக் கண்டனர்.

அம்மையார் குயவர் சக்கரத்தைக் கையாளவில்லை. மண்ணைக் கயிறுபோல் திரித்து, ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றியே கலத்தை எழுப்புவார். உலர்ந்தபின் செம்மண் குழம்பு பூசி, ஈரம் புலருமுன் கூழாங்கல்லால் தேய்த்து மெருகேற்றுவார். அதன்மேல் ஜூலியன் களிமண் குழம்பினால் ஓவியம் வரைவார். சுட்டபின், தேய்த்த பகுதி கண்ணாடிபோல் ஒளிரும். வரைந்த பகுதி ஒளியற்றுக் கிடக்கும். நிறம் ஒன்றே, ஒளியே வேறு.

சுடுதற்குச் சூளை கட்டுவதில்லை. நிலத்தில் விறகடுக்கி, இரும்புத் தட்டியிற் கலங்களை வைத்து, தகரத் தகடுகளாலும் வறட்டிகளாலும் மூடித் தீ மூட்டுவர். ஏற்ற சமயத்தில், பொடியாக்கிய குதிரைச் சாணத்தைக் கொட்டி நெருப்பை அடைத்துவிடுவர். ஒட்சிசன் கிடையாத நெருப்பு, மண்ணிலுள்ள செந்நிற இரும்பொட்சைட்டிலிருந்தே அதனைப் பறித்துக்கொள்கின்றது. இரும்பு கறுக்கின்றது, புகையின் காபனும் மண்ணின் நுண்டுளைகளிற் படிகின்றது. அடைக்காது விட்டால் அதே கலம் சிவப்பாகவே வெளிவரும்.

இடர் இங்கேதான். சூடு ஏறத்தாழ 700 பாகை செல்சியசை மிகவும் கடந்தால் மெருகு மங்கும். மிகக் குறைந்தால் மண் வேகாது. சிறு இடைவெளியிற் காற்று நுழைந்தாலும் நிறத்தில் மாசு விழும். ஈரம் நீங்காத கலமோ வெடித்துச் சிதறும். பல நாட் கைவேலை சில மணி நேரத்திற் பாழாகக்கூடும். வெப்பமானி இன்றிக் கண்ணளவாலேயே நேரம் கணிப்பது எளிதன்று.

இக்கலங்கள் நீர் வைத்தற்கு உதவா. நீர் ஊறி மெருகு கெடும். ஆயினும் உலோகப் பாத்திரங்கள் வந்து மட்கலத்தின் பயன் குன்றிய காலத்தில், இவ்வழகுக் கலங்களே அவ்வூரார் பலருக்குப் பிழைப்பளித்தன. 1980இல் மறைந்த அம்மையார், தம் நுணுக்கத்தை ஒளியாது ஊராருக்கும் கற்பித்தவர்.

நேயர்களுக்கு இது முற்றும் புதுமையன்று. பொம்பரிப்பிலும் ஆனைக்கோட்டையிலும் அகழ்ந்தெடுத்த பெருங்கற்காலக் கலங்கள் உள்ளே கருமையும் வெளியே செம்மையும் கொண்டவை. கவிழ்த்துச் சுட்டமையால் காற்றுப் படாத உட்புறம் கறுத்தது, காற்றுப் பட்ட வெளிப்புறம் சிவந்தது என்பர் ஆய்வாளர் பலர்.