மின்னேற்றி வேடமிட்ட தேன்குடம்

பறவை பிடிக்கும் வேடன், தான் பழக்கிய பறவை ஒன்றைக் கட்டிவைத்து அதன் இனத்தைத் தன்பால் வரவழைப்பான். அங்ஙனம் கட்டப்பெற்ற உயிரைப் ‘பார்வை’ என்று பழந்தமிழர் வழங்கினர். இக்காலத்தில் கணினிகளைக் காப்போர் கையாளும் ‘தேன்குடம்’ என்னும் உபாயமும் அத்தகையதே. மெய்யான பொறிபோல் நடிக்கும் கணினி அது. அதனிடம் நேர்மையான அலுவல் எவர்க்கும் இல்லை. ஆகவே, அதன் கதவைத் தட்டுவோர் யாவரும் ஐயத்திற்குரியோரே.

உபாயம் புதிதன்று. 1986ஆம் ஆண்டில், அமெரிக்காவின் லோறன்ஸ் பேர்க்லி ஆய்வுகூடத்துக் கணக்கில் 75 சதம் இடித்தது. அதை ஆராயப் புகுந்த கிளிபோட் ஸ்ரோல் என்ற வானியலாளர், அந்நியன் ஒருவன் கணினியுள் நுழைந்திருத்தலைக் கண்டார். பின்னர்ப் பொய்யான இராணுவக் கோப்புக்களைப் புனைந்துவைத்து, அவனை நெடுநேரம் தங்கச்செய்து, ஜேர்மனியின் ஹனோவர் நகரில் அவன் இருப்பிடம் வெளிப்பட வழிசெய்தார்.

இன்று மின்சார மோட்டார் வண்டிகளுக்கு மின்னேற்றும் பொறிகள் தெருவோரங்களில் நிற்கின்றன. அவையும் கணினிகளே என்பதை நாம் மறந்துவிடுகிறோம். 2022 பெப்ரவரியில், மொஸ்கோவையும் சென் பீற்றர்ஸ்பேர்க்கையும் இணைக்கும் எம் 11 நெடுஞ்சாலையில், சில மின்னேற்றிகள் பணிசெய்ய மறுத்து, நாட்டுத் தலைவரை இகழும் வாசகங்களைத் திரையிற் காட்டின. அது பரிகாசத்தோடு நின்றது. ஆயிரக்கணக்கான மின்னேற்றிகளை ஒரே கணத்தில் ஒருவன் இயக்கி நிறுத்த வல்லனாயின், மின்விநியோகமே தள்ளாடக்கூடும்.

போலி மின்னேற்றியை அமைப்பது எங்ஙனம்? மின்னேற்றிகள் தம் தலைமை நிலையத்தோடு ‘ஓ.சி.பி.பி.’ என்னும் பொதுமொழியிற் பேசுகின்றன. தன் பெயரையும் மாதிரியையும் அறிவித்தல், உயிரோடிருப்பதை இடையிடையே தெரிவித்தல், மானியின் அளவைச் சொல்லுதல் ஆகியன அப்பேச்சில் அடங்கும். எனினும், நிலையத்தை அழைப்பது மின்னேற்றியே. வெளியார் தட்டக்கூடிய கதவு, பெரும்பாலும் அதனைச் சீர்செய்ய உதவும் இணையப் பக்கந்தான். எனவே அப்பக்கத்தையும் கடவுச்சொல் கேட்கும் வாயிலையும் பிழையின்றிப் படியெடுத்தல் வேண்டும்.

வேடம் கலைவது சிறு செய்திகளிலேதான். 230 வோல்ற்றில் 32 அம்பியர் பாயும் பொறி, ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ ஏழு அலகு கொடுக்கும். போலியின் மானி ஐம்பது காட்டினாலோ அசையாது நின்றாலோ, வந்தவன் சிரித்துவிட்டுப் போய்விடுவான். நள்ளிரவிலும் மாலையிலும் ஒரே கூட்டம் இருக்கலாகாது. இடைக்கிடை பழுதும் காட்டவேண்டும். பழுதுபடாத பொறியை யார் நம்புவார்? தொழிற்சாலைப் பொறிகளைப் போல நடிக்கும் ‘கொன்பொட்’ என்ற இலவச மென்பொருள் ஏற்கெனவே உண்டு. அதனைப் பயின்று பார்ப்பது நல்ல தொடக்கமாகும்.

யான் மிகவும் வற்புறுத்துவது மற்றொன்று. மெய்யான மின்னேற்றிகளோடோ அலுவலகக் கணினிகளோடோ இப்போலிக்கு எவ்விதத் தொடர்பும் இருத்தலாகாது. அதிலிருந்து வெளியே செல்லும் வழிகளையும் இறுக்கிவைத்தல் வேண்டும். அல்லாவிடில், கள்வனைக் காட்டவைத்த பொறியே அவன் ஏறும் ஏணியாகிவிடும். வந்தோர் செய்தவற்றின் பதிவேடு வேறொரு கணினியில் உடனுக்குடன் சேரவேண்டும். அங்கே கிடந்தால் அவர்களே அழித்துவிடுவர்.

அப்பதிவேட்டில், வந்தவன் முயன்ற கடவுச்சொற்கள் வரிசையாக இருக்கும். அவற்றுள் ஒன்று தம் மெய்யான மின்னேற்றிகளிலும் வழங்குவதைக் காணும் பொறுப்பாளர், அன்றைக்கே அதனை மாற்றிவிடலாம்.