தளேகாவிலிருந்து பார்க்கும்போது

நாவல்களைப் பற்றி அபிப்பிராயம் கேட்டால் நம்மவருள் பலர் 'அபாரம்' என்பர்; அல்லது 'படிக்க முடியவில்லை' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவர். தாய்நாட்டில் வாழும் வாசகருக்கு அது போதுமானதாக இருக்கலாம். புனேக்கும் லோணாவளாவுக்கும் இடையே, தளேகாவில் குடும்பம் நடத்தும் நமக்கோ, முன்பு படித்த நாவல்களே இப்போது வேறு முகம் காட்டுகின்றன. ஆதலால் மனத்திற் பட்டதை ஒளிக்காமல் எழுதத் துணிந்தோம். கல்கியின் அன்பர்கள் பொறுத்தருள்க.

'சிவகாமியின் சபத'த்தை மாணவப் பருவத்தில் படித்தபோது, வாதாபி எரியக் கண்டு நாமும் களித்தோம். இன்று நம் குழந்தைகளுக்கு அதனைப் படித்துக் காட்டுகையில் ஒரு சங்கடம் எழுகிறது. அவர்கள் வளர்வது புலிகேசி ஆண்ட பூமியில். நர்மதைக் கரையில் ஹர்ஷரைத் தடுத்து நிறுத்திய பேரரசன் அவன். யுவான் சுவாங் என்னும் சீன யாத்திரிகர் இப்பகுதி மக்களின் வீரத்தையும் மானத்தையும் வியந்து எழுதியிருக்கிறார். நாவலிலோ புலிகேசி பகைவன் மட்டுமே. "அவன் கெட்டவனா, அப்பா?" என்று குழந்தை கேட்டால் என்ன சொல்வது? உருவ ஒற்றுமையுள்ள சகோதரர் நாகநந்தியோ நமக்கு மாமல்லரைக் காட்டிலும் உயிருள்ள பாத்திரமாகத் தோன்றுகிறார். ஆயனரின் சிற்பக்கூடமும் சிவகாமியின் நடனமும் உள்ள பகுதிகளை எத்தனை முறை படித்தாலும் அலுப்பதில்லை. போர் வர்ணனைகளைத் தாண்டிச் செல்கிறோம் என்பதே உண்மை.

தி. ஜானகிராமனின் 'மோகமுள்' வேறு வகை. பாபுவின் தயக்கங்களைச் சுருக்கியிருந்தால் நூல் நஷ்டமடைந்திராது என்பது நம் துணிபு. ஆயினும் ரங்கண்ணாவைப் போன்ற ஓர் ஆசானைத் தமிழ் நாவலில் வேறெங்கும் நாம் கண்டதில்லை. யமுனாவின் தாய் தஞ்சை மராட்டியப் பெண்மணி என்பதை ஊரிலிருந்தபோது நாம் பெரிதாக எண்ணியதில்லை. சிவாஜியின் மாற்றாந்தாய்ச் சகோதரர் ஏகோஜியின் வழியினர் 1855 வரை தஞ்சையில் அரச பட்டம் தரித்திருந்தனர் அல்லவா? அங்கே போய்த் தங்கிவிட்ட மராட்டியர் வீட்டுப் பெண்ணும், இங்கே வந்து தங்கிவிட்ட தமிழர் வீட்டுப் பெண்ணும் ஒரே கேள்விக்குத்தான் விடை தேடுகின்றனர்: நான் எந்த ஊர்?

நிற்க. பிறமொழி நிலத்தில் வளரும் தமிழ்ப் பிள்ளையை நேராகக் காட்டிய நூல் அசோகமித்திரனின் '18வது அட்சக்கோடு' (1977). செகந்திராபாத்தில் ரயில்வே ஊழியரின் மகன், கிரிக்கெட் விளையாட்டு, சுற்றிலும் 1948-ஆம் ஆண்டின் ஹைதராபாத் கொந்தளிப்பு. எவரும் பிரசங்கம் செய்வதில்லை. இறுதிப் பக்கங்களைப் படித்தபின் அன்றிரவு உறக்கம் வரவில்லை. நாஞ்சில் நாடனின் 'மிதவை' வேலை தேடிப் பம்பாய் வரும் பட்டதாரியின் கதை. கசப்பு மிகுதி, பொய் இல்லை.

இவ்வளவும் தமிழ். நம் தளேகாவிலேயே வாழ்ந்த மராட்டி நாவலாசிரியர் கோ. நீ. தாண்டேகரை (1916–1998) நம்மில் எத்தனை பேர் அறிவோம்? 'மாச்சிவரலா புதா' என்ற அவரது நாவலில், பம்பாயில் உழைத்து ஓய்ந்த கிழவர் ராஜ்மாச்சி மலைக்கே திரும்பி, மரங்களோடும் பிராணிகளோடும் வாழ்கிறார். கதை என்று சொல்ல அதிகமில்லை. நடுவில் சற்றே தொய்வும் உண்டு. எனினும் ஊர் திரும்ப வேண்டும் என்று ஆண்டுதோறும் பேசி, ஆண்டுதோறும் இங்கேயே இருந்துவிடும் நமக்கு அக்கிழவர்மீது பொறாமை உண்டாகிறது.

நம் பிள்ளைகள் மராட்டியைச் சரளமாகப் படிக்கின்றனர். தமிழை எழுத்துக் கூட்டுகின்றனர். ஆகவே ஓர் ஏற்பாடு சொல்வோம். ஞாயிறுதோறும் அவர்கள் 'புதா'வில் ஓர் அத்தியாயம் படித்து நமக்குப் பொருள் சொல்லட்டும். பதிலுக்கு நாம் 'மோகமுள்'ளிலிருந்து ஒரு பகுதி படிப்போம். மராட்டியப் பாடகர்களின் குரலைக் கேட்டுப் பாபு பிரமித்து நிற்கும் இடத்திலிருந்து தொடங்கலாம்.